எனர்ஜிபிளஸில் ஐந்து தள விடுதி: எல்லா மாடியும் ஒரே சூடு காட்டுகிறது, எங்கே தவறு?

கிருஷ்ணகிரி_சிவில்

எல்லோருக்கும் வணக்கம். கிருஷ்ணகிரியில் ஒரு சின்ன கன்சல்டன்சியில் வேலை பார்க்கிறேன். எனர்ஜி சிமுலேஷனில், அதாவது எனர்ஜிபிளஸ் மென்பொருளில் கட்டடத்தின் வெப்பத்தைக் கணக்கிட்டுப் பார்ப்பதில், நான் தனியாகச் செய்யும் முதல் கட்டடம் இது, ஒரு வாரமாக மண்டையை உடைத்துக்கொண்டு இருக்கிறேன்.

பெங்களூரு நெடுஞ்சாலையை ஒட்டி, சுற்றிலும் மாந்தோப்பு உள்ள இடத்தில் ஒரு மாணவர் விடுதி கட்டப் போகிறார்கள். தரைத்தளமும் மேலே நான்கு மாடியும். 30 மீட்டர் நீளம், 14 மீட்டர் அகலம். நடுவில் 2 மீட்டர் நடைவழி, இரண்டு பக்கமும் எட்டு எட்டு அறைகள், ஒரு முனையில் படிக்கட்டு, மறுமுனையில் குளியலறைகள். தரைத்தளத்தில் முன்பாதி கடைகள், பின்பாதி சுவரில்லாமல் வெறும் தூண்களோடு வண்டி நிறுத்தம். மனை அமைப்பு காரணமாக நீளமான சுவர்கள் கிழக்கையும் மேற்கையும் பார்க்கின்றன, அதை மாற்ற வழியில்லை.

உரிமையாளர் கேட்பது இரண்டு கேள்விதான். செங்கல்லுக்குப் பதில் ஏஏசி பிளாக் (காற்றுத் துளைகள் நிறைந்த இலேசான கான்கிரீட் கல்) போட்டால் சூடு எவ்வளவு குறையும்? நான்காவது மாடிக்கு ஏசி இல்லாமல் சமாளிக்க முடியுமா?

ஸ்கெட்ச்அப் என்ற வரைபட மென்பொருளில், எனர்ஜிபிளஸுக்கு மாதிரி தயாரிக்கும் ஓப்பன்ஸ்டூடியோ பிளகின் வைத்து ஒரு தளத்தை வரைந்து, அதை அப்படியே காப்பி செய்து மேலே மேலே அடுக்கினேன். ரன் ஆகிறது, எரர் ஃபைலில் சிவியர் என்ற கடுமையான பிழை எதுவும் இல்லை. ஆனால் மே மாதத்தில் முதல் மாடிக்கும் நான்காவது மாடிக்கும் அரை டிகிரி கூட வித்தியாசம் வரவில்லை. கடைகளுக்குள் மே மாத மதியம் 26 டிகிரி காட்டுகிறது, ஏசியே கொடுக்காமல்! கிருஷ்ணகிரியில் மே மாதம் நின்று பார்த்த யாரும் இதை நம்ப மாட்டார்கள். வானிலை ஃபைல் (ஓர் ஊரின் வருடம் முழுக்க மணிவாரி வெப்பம், வெயில், காற்று உள்ள கோப்பு) பெங்களூரு. எங்கே தப்பு செய்தேன் என்று யாராவது சொல்லுங்கள்.

ஓசூர்_சிமுலேட்டர்

தம்பி, முதலில் ஒன்று செய்யுங்கள். பிளகினில் பவுண்டரி கண்டிஷன் (ஒரு பரப்பின் மறுபக்கம் என்ன இருக்கிறது என்பது) வாரியாக நிறம் காட்டச் சொல்லி, ஒவ்வொரு மாடியின் தரையையும் கூரையையும் கீழிருந்தும் மேலிருந்தும் பாருங்கள். இரண்டு தளத்துக்கு நடுவில் உள்ள ஸ்லாப் பச்சையாக வர வேண்டும். நீலம் என்றால் வெளிக்காற்றில் இருக்கிறது, பழுப்பு என்றால் மண்ணில் இருக்கிறது. என்ன நிறம் வருகிறது என்று சொல்லுங்கள், அப்புறம் பேசலாம்.

ஏனென்றால், படத்தில் ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி வைத்திருப்பதால் எனர்ஜிபிளஸ் அதை ஒரே கட்டடமாக எடுத்துக்கொள்ளாது. கீழ்த்தளத்தின் கூரையும் மேல்தளத்தின் தரையும் ஒரே ஸ்லாப்தான் என்று நாம் இரண்டையும் ஜோடி சேர்த்துக் கொடுக்க வேண்டும். கொடுக்கவில்லை என்றால் அதற்கு அது ஐந்து தனித்தனிப் பெட்டி.

கிருஷ்ணகிரி_சிவில்

அண்ணா, பார்த்துவிட்டேன். பச்சை ஒன்றுகூட இல்லை. எல்லாத் தளத்தின் கூரையும் நீலம். தரை எல்லாமே பழுப்பு, நான்காவது மாடியின் தரை உட்பட!

ஓசூர்_சிமுலேட்டர்

அதேதான். தரைத்தளத்தை வரைந்தபோது அதன் தரை மண்ணோடு இணைந்தது, நீங்கள் காப்பி எடுத்தபோது அந்த இணைப்பும் சேர்ந்தே மேலே போய்விட்டது. உங்கள் மாதிரியில் நான்காவது மாடி, 13 மீட்டர் உயரத்தில் மண்ணின்மேல் உட்கார்ந்திருக்கிறது. எல்லா மாடிக்கும் கீழே மண், மேலே வெளிக்காற்று. அப்படி இருந்தால் எல்லா மாடியும் ஒரே மாதிரிதானே நடந்துகொள்ளும்.

சரிசெய்யும் வழி: எல்லா ஸ்பேஸையும் தேர்ந்தெடுத்து முதலில் இன்டர்செக்ட், அப்புறம் மேட்ச். இந்த வரிசை முக்கியம். உங்கள் கட்டடத்தில் தரைத்தளம் பாதிதான் மூடியது, முதல் மாடி முழு நீளம். இன்டர்செக்ட் கொடுத்தால்தான் முதல் மாடியின் தரை இரண்டாக வெட்டப்படும், கடைக்கு மேல் உள்ள துண்டு கடையின் கூரையோடு சேரும், மீதித் துண்டு தனியாக நிற்கும். வெட்டாமல் நேராக மேட்ச் கொடுத்தால் அளவு ஒத்துப்போகாமல் ஜோடியே சேராது.

ஆனால் உங்களுக்கு ஐந்து தளத்தையும் வரைய வேண்டிய தேவையே இல்லை என்பது என் கருத்து. நான் பெங்களூரில் இருபது, இருபத்தைந்து மாடிக் கோபுரங்கள் செய்கிறேன். தரைத்தளம், நடுத்தளம், மேல்தளம் என்று மூன்றுதான் வரைவோம். நடுத்தளத்தின் தரைக்கும் கூரைக்கும் அடியாபாட்டிக் (வெப்பம் கடக்காத பரப்பு) கொடுத்து, ஸோன் மல்டிபிளையரில் (ஒரே வெப்பநிலையாகக் கணக்கிடும் பகுதியான ஸோனை இத்தனை மடங்கு என்று பெருக்கும் எண்) எத்தனை மாடியோ அத்தனை எண். வேலையும் குறையும், தப்பும் குறையும்.

தர்மபுரி_ஆர்க்கிடெக்ட்

ஓசூர் சார், கோபுரத்துக்கு நீங்கள் சொல்வது சரி, இந்த விடுதிக்கு அது பொருந்தாது. காரணம் சொல்கிறேன்.

அடியாபாட்டிக் என்றால் ஸ்லாப்புக்கு மேலும் கீழும் ஒரே வெப்பநிலை, அதன் வழியாக வெப்பம் போகவில்லை என்று அர்த்தம். முழுக்க ஏசி போட்டு எல்லா மாடியும் 24 டிகிரியில் நிற்கும் அலுவலகத்துக்கு அது கிட்டத்தட்ட உண்மை. இது மின்விசிறியும் ஜன்னலும் மட்டும் உள்ள விடுதி. நான்காவது மாடி வெயிலில் காய்ந்து, அந்தச் சூடு ஸ்லாப் வழியாக மூன்றாவது மாடிக்கு இறங்கும். முதல் மாடியின் பின்பாதிக்குக் கீழே வண்டி நிறுத்தம், திறந்த காற்று. மீதமிருக்கும் நடுமாடிகள் இரண்டே இரண்டு. அந்த இரண்டையும் ஒன்றாக்கி என்ன மிச்சம் பிடிக்கப் போகிறோம்?

இன்னொன்று காற்று. எனர்ஜிபிளஸ் ஒவ்வொரு பரப்பின் உயரத்தையும் பார்த்துத்தான் காற்றின் வேகத்தைக் கணக்கிடுகிறது. மல்டிபிளையர் போட்டால் எல்லா நடுமாடிக்கும் நாம் வரைந்த அந்த ஒரு உயரத்தின் காற்றுதான். ஜன்னல் திறந்து வாழும் கட்டடத்தில் அது சின்ன விஷயம் இல்லை. தம்பி, டெரெய்ன் (சுற்றுப்புற நில வகை) என்ற இடத்தில் தானாக வருவது சபர்ப்ஸ் (புறநகர்), அதையும் கவனியுங்கள். சுற்றிலும் மாந்தோப்பு என்கிறீர்கள், மரம் எவ்வளவு நெருக்கம் என்று நேரில் பார்த்து, கன்ட்ரி (திறந்த கிராமப்புறம்) பொருந்துமா என்று முடிவு செய்யுங்கள்.

ஓசூர்_சிமுலேட்டர்

ஏசி இல்லாத கட்டடம் என்பதை நான் போதிய அளவு கணக்கில் எடுக்கவில்லை, மேடம் சொல்வது நியாயம். ஆனால் ஐந்து தளமும் வரைந்தால் ஸோன் எண்ணிக்கை எங்கே போகும்? தளத்துக்கு 16 அறை, நான்கு மாடிக்கு 64 அறை. ஒவ்வொன்றும் ஒரு ஸோன் என்றால் தம்பி ஒரு மாதம் உட்கார வேண்டும்.

தர்மபுரி_ஆர்க்கிடெக்ட்

அறைக்கு ஒரு ஸோன் வேண்டவே வேண்டாம். ஒரே திசை, ஒரே பயன்பாடு, ஒரே நேர அட்டவணை உள்ள அறைகளை ஒன்றாகச் சேர்க்கலாம். கிழக்கு அறைகள் ஒன்று, மேற்கு அறைகள் ஒன்று, நடைவழி, படிக்கட்டு, குளியலறை. தளத்துக்கு ஐந்து. நான்கு மாடிக்கு இருபது, கடைகள் ஒன்றிரண்டு. சாதாரண லேப்டாப்பே தாங்கும்.

சேர்க்கும்போது ஒரு விஷயம் விட்டுப்போகும். எட்டு அறைகளை ஒரே ஸோன் ஆக்கினால் இடையில் உள்ள ஏழு தடுப்புச் சுவர்களும் காணாமல் போகும். அந்தச் செங்கல் எல்லாம் பகல் சூட்டை வாங்கி வைத்துக்கொள்ளும் எடை. அதை இன்டர்னல் மாஸ் என்று தனியாகச் சேர்த்துவிடுங்கள், இல்லையென்றால் அறை நிஜத்தைவிட வேகமாகச் சூடாகி வேகமாகக் குளிர்வதாகக் காட்டும். படிக்கட்டை மாடி வாரியாகப் பிரித்தால் நடுவில் கான்கிரீட் தரை வைத்து மூடிவிடாதீர்கள். அங்கே ஏர் பவுண்டரி (தடுப்பில்லாத திறந்த எல்லை) கொடுத்து மாடிகளுக்கு இடையே காற்றுக் கலப்பும் கொடுங்கள். சூடான காற்று படிக்கட்டு வழியாகத்தான் மேலே ஏறுகிறது.

ராயக்கோட்டை_பிஇ

கடை 26 டிகிரி என்ற புதிருக்கு நான் பதில் சொல்கிறேன், ஏனென்றால் இதே குழியில் இரண்டு வருடம் முன்பு நானும் விழுந்தேன், அறிக்கை கொடுத்த பிறகுதான் தெரிந்தது. மண்ணின் வெப்பநிலையை நீங்கள் கொடுக்கவில்லை என்றால் எனர்ஜிபிளஸ் வருடம் முழுக்க 18 டிகிரி என்று எடுத்துக்கொள்ளும். குளிர் நாட்டில், உள்ளே 20 டிகிரி வைத்திருக்கும் கட்டடத்துக்கு அது பொருந்தும். நம் பக்கம் தரைக்குக் கீழே மே மாதம் 18 டிகிரி எங்கே இருக்கிறது? உங்கள் கடைகள் ஒரு குளிர்ந்த பாறைமேல் உட்கார்ந்து இலவசமாகக் குளிர்கின்றன. எல்லா மாடியின் தரையும் மண் என்று இருந்ததால் விடுதி முழுவதுமே அந்தக் குளிரை வாங்கியிருக்கிறது.

வானிலை ஃபைலில் இருக்கும் மண் வெப்பநிலையையும் அப்படியே எடுத்துப் போடாதீர்கள். அது மேலே கட்டடம் இல்லாத வெறும் நிலத்துக்கானது. கட்டடத்துக்குக் கீழே உள்ள மண் கட்டடத்தின் உள் வெப்பநிலையைப் பின்தொடரும். மண் வழியாகப் போகும் வெப்பத்துக்கான கீவா என்ற கணக்கு முறை எனர்ஜிபிளஸிலேயே இருக்கிறது, அதைப் பயன்படுத்துங்கள். முடியாவிட்டால் உள்ளே வரும் மாதச் சராசரியைவிட ஒன்றிரண்டு டிகிரி குறைவாக மாதவாரியாகக் கொடுத்து இரண்டு மூன்று தடவை ஓட்டிப் பாருங்கள்.

தொப்பூர்_கான்ட்ராக்டர்

தம்பிகளா, எனக்குக் கம்ப்யூட்டர் மாதிரி எல்லாம் தெரியாது. முப்பது வருடம் கட்டடம் கட்டியவன், மகன் காட்டியதால் இதைப் படித்தேன். ஒரு கேள்வி. பெங்களூரு வெயிலை வைத்து கிருஷ்ணகிரிக்குக் கணக்குப் போடுவது சரியா? நான் ஓசூரில் வேலை முடித்துவிட்டு சாயங்காலம் சூளகிரி தாண்டி இறங்கும்போது வண்டியிலேயே உடம்புக்குத் தெரியும், காற்று மாறும்.

தர்மபுரி_ஆர்க்கிடெக்ட்

ஐயா, மிக முக்கியமான இடத்தைத் தொட்டீர்கள். பெங்களூரும் ஓசூரும் ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் இருக்கின்றன. கிருஷ்ணகிரி நகரம் ஏறத்தாழ 500 மீட்டர், தர்மபுரியும் அதற்குக் கொஞ்சம் குறைவாக அந்த அளவில்தான். சேலம் 280 மீட்டர் பக்கம். கிலோமீட்டருக்கு ஆறரை டிகிரி என்ற பொதுக் கணக்கில், 400 மீட்டர் இறங்கினால் இரண்டரை டிகிரி கூடும். ஏசி இல்லாத விடுதியில் இரண்டரை டிகிரிதான் தூக்கம் வருமா வராதா என்பதையே முடிவு செய்கிறது. ஃபைலில் உள்ள வெப்பநிலையை உங்கள் ஊரின் உயரத்துக்கு எனர்ஜிபிளஸ் தானாக மாற்றித் தராது. தரையிலிருந்து மாடி எவ்வளவு உயரம் என்பதற்கு மட்டும்தான் திருத்தும்.

ஒரே மாவட்டத்தில் இருந்தாலும் ஓசூர்க் கட்டடத்துக்குப் பெங்களூரு ஃபைல் பொருந்தும், கிருஷ்ணகிரிக் கட்டடத்துக்குப் பொருந்தாது. நான் இரண்டு தடவை ஓட்டுவேன், ஒன்று சேலம் ஃபைல், ஒன்று பெங்களூரு ஃபைல். நம் உண்மை இரண்டுக்கும் நடுவில், சேலத்தின் பக்கம் சாய்ந்து நிற்கும். முடிவு இரண்டிலும் மாறாமல் இருந்தால் தைரியமாக உரிமையாளரிடம் சொல்லலாம். சென்னை ஃபைலை மட்டும் தொடாதீர்கள், கடற்கரை ஈரக்காற்று நமக்குச் சம்பந்தமே இல்லை.

தொப்பூர்_கான்ட்ராக்டர்

நல்லதுங்க. அப்புறம் ஒன்று, ராத்திரி பத்து மணிக்கு மேல்மாடியில் படுத்தால் மின்விசிறி கொதிக்கும் காற்றைத்தான் அடிக்கும். சுவரைத் தொட்டால் பரவாயில்லை, கூரை ஸ்லாப்பின் அடியில் கையை நீட்டினாலே அனல் அடிக்கும். உங்கள் கணக்கில் அது வருமா?

ராயக்கோட்டை_பிஇ

வரும் ஐயா, சரியான அளவை எடுத்துப் பார்த்தால் வரும். ஆறு அங்குலக் கான்கிரீட், வெளியே வாங்கிய சூட்டை உள்ளே தள்ள நான்கு மணி நேரம் போல ஆகும், பகலெல்லாம் வாங்கியதை ராத்திரி வரை விட்டுக்கொண்டே இருக்கும். தம்பி, நீங்கள் காற்றின் வெப்பநிலையை மட்டும் எடுத்திருந்தால் ஐயா சொல்லும் அனல் அதில் முழுதாகத் தெரியாது. ஆப்பரேட்டிவ் டெம்பரேச்சர் என்ற வெளியீட்டைக் கேளுங்கள், அதில் கூரையும் சுவரும் உடம்புமேல் வீசும் வெப்பமும் சேரும்.

எவ்வளவு வரை தாங்கலாம் என்பதற்கு ஐமேக் சூத்திரம் இருக்கிறது, அகமதாபாத் செப்ட் பல்கலைக்கழகத்தில் நம் நாட்டு மக்களிடமே கேட்டு உருவாக்கியது. ஏசி இல்லாத கட்டடத்துக்கு, கடந்த சில வாரங்களின் வெளி வெப்பநிலைச் சராசரியை 0.54 ஆல் பெருக்கி 12.83 கூட்டினால் வருவது இதமான வெப்பநிலை. வெளிச்சராசரி 30 என்றால் 29. அதற்கு மேல் 2.4 டிகிரி வரை பெரும்பாலோர் ஏற்றுக்கொள்வார்கள். மேல்மாடி எத்தனை ராத்திரி அதைத் தாண்டுகிறது என்று எண்ணுங்கள், உரிமையாளரின் இரண்டாவது கேள்விக்கு நேரான பதில் அதுதான்.

கிருஷ்ணகிரி_சிவில்

நான்கு நாள் கழித்து வருகிறேன், மன்னிக்கவும். முழுக்கப் பிரித்து மறுபடி வரைந்தேன்.

இன்டர்செக்ட் கொடுத்ததும் முதல் மாடியின் தரை நீங்கள் சொன்னபடியே இரண்டாக வெட்டுப்பட்டது. வண்டி நிறுத்தத்துக்கு மேல் உள்ள துண்டு பழுப்பாகவே நின்றது, கையால் அவுட்டோர்ஸ் என்று மாற்றி, வெயில் படாது காற்று படும் என்று கொடுத்தேன். மொட்டை மாடியில் படிக்கட்டுத் தலைப்பகுதியையும் தண்ணீர்த் தொட்டியையும் நிழல் பரப்பாகச் சேர்த்தேன். சன்ஷேடுகளும் சேர்த்தாயிற்று. இன்டர்னல் மாஸ், மாதவாரி மண் வெப்பநிலை எல்லாம் கொடுத்து, சேலம், பெங்களூரு இரண்டு ஃபைலிலும் ஓட்டினேன்.

இப்போது கட்டடம் கட்டடம் மாதிரி நடந்துகொள்கிறது. சேலம் ஃபைலில், மே மாத ராத்திரி பத்து மணிக்கு நான்காவது மாடி மேற்கு அறைகள் இரண்டாவது மாடியைவிட 3 டிகிரி கூடுதல். பெங்களூரு ஃபைலில் மொத்தமாக எல்லாம் இறங்குகிறது, ஆனால் மாடிகளுக்கு இடையிலான வித்தியாசம் கிட்டத்தட்ட அதேதான். கடைகள் 31, 32 என்று வருகின்றன, நம்பும்படி இருக்கிறது.

ஒன்று மட்டும் புரியவில்லை. சுவரை ஏஏசி ஆக்கினேன். 230 மி.மீ. செங்கல் சுவரின் U மதிப்பு (வெப்பம் ஊடுருவும் அளவு, குறைந்தால் நல்லது) 2, 200 மி.மீ. ஏஏசி 0.76. பாதிக்கும் கீழே. ஆனாலும் நான்காவது மாடி அரை டிகிரிகூட முழுதாக இறங்கவில்லை!

தர்மபுரி_ஆர்க்கிடெக்ட்

நாம் இருப்பது 12.5 பாகை அட்சரேகையில். ஏப்ரல் கடைசி வாரத்திலும் ஆகஸ்ட் மூன்றாம் வாரத்திலும் நண்பகல் சூரியன் நம் தலைக்கு நேர்மேலே வருகிறது, இடைப்பட்ட மாதங்களில் நண்பகலில் கொஞ்சம் வடக்கே சாய்ந்து நிற்கிறது. கோடை முழுக்க அடி வாங்குவது மொட்டை மாடிதான். உங்கள் கூரை வெறும் 150 மி.மீ. ஸ்லாப், அதன் U 3-க்கு மேல். மேலே ஓட்டை இருக்கும்போது பக்கவாட்டை அடைத்துப் பயனில்லை. இடைமாடிகளின் மேற்கு அறைகளில் ஏஏசி வேலை செய்திருக்கும், பாருங்கள்.

கூரையில் இரண்டு விஷயம் மாற்றி ஓட்டுங்கள். மேற்பரப்பின் சோலார் அப்சார்ப்டன்ஸ் (வெயிலில் எவ்வளவு பங்கை உறிஞ்சுகிறது என்பது) தானாக 0.7 என்று இருக்கும், வெள்ளைக் கூல்ரூஃப் ஓடு என்றால் 0.3 கொடுங்கள். தூசி படிந்து வருடங்கள் ஆக ஆக அது கூடும் என்பதால் 0.45-லும் ஒரு ஓட்டம். அடுத்து 50 மி.மீ. எக்ஸ்பிஎஸ் (வெப்பம் தடுக்கும் நுரை) பலகை, அதோடு U 0.5 பக்கம் வந்துவிடும். வீடுகளுக்கான ஈகோ நிவாஸ் சம்ஹிதா, 2018, கூரைக்கு 1.2 வரைதான் அனுமதிக்கிறது. விடுதி அதன் கீழ் வராது என்றாலும் அளவுகோலாக வைத்துக்கொள்ளலாம்.

கிருஷ்ணகிரி_சிவில்

மேடம், ஓட்டிவிட்டேன். எக்ஸ்பிஎஸும் வெள்ளை ஓடும் சேர்ந்து, சுவர் பழைய செங்கல்லாகவே இருந்தபோதும், நான்காவது மாடி இரண்டாவது மாடியைவிட முக்கால் டிகிரிதான் கூடுதல். 0.45 கொடுத்தாலும் ஒரு டிகிரிக்குள் நிற்கிறது. இரண்டு வானிலை ஃபைலிலும் இதே முடிவு. ஐமேக் எல்லையைத் தாண்டும் ராத்திரிகள் மேல்மாடியில் மூன்றில் ஒரு பங்காகக் குறைந்தன. ஏஏசியால் பெரிய லாபம் மேற்கு அறைகளில் மட்டும்தான், அதுவும் இடைமாடிகளில்.

உரிமையாளரிடம் மாடி வாரியான வரைபடத்தைக் காட்டினேன். கூரை முழுதுக்கும் எக்ஸ்பிஎஸும் வெள்ளை ஓடும், மேற்குச் சுவருக்கு மட்டும் ஏஏசி என்று ஒப்புக்கொண்டார். ஏசிக்கு இப்போதைக்குக் குழாய் வழி மட்டும் விட்டுவைக்கிறோம்.

ஓசூர்_சிமுலேட்டர்

அருமை தம்பி. அந்த ஃபைலைப் பத்திரமாக வையுங்கள், அடுத்த கட்டடத்தில் காப்பி எடுக்கும்போது முதலில் நிறத்தைப் பாருங்கள். மேற்கு ஜன்னல்களுக்கு மேலே மட்டும் சன்ஷேட் போட்டிருக்கிறீர்கள், சாயங்காலம் நான்கு மணி வெயில் அதற்குக் கீழே நுழைந்து நேராக உள்ளே வரும். பக்கவாட்டுத் தடுப்போ வெளிப்புறத் திரையோ போட்டு ஒரு தடவை ஓட்டுங்கள்.

தொப்பூர்_கான்ட்ராக்டர்

பலகை போடும்போது மேஸ்திரியிடம் வரிசையைச் சொல்லிவிடுங்கள் தம்பி. ஸ்லாப் மேல் முதலில் தண்ணீர்க் காப்பு, குளம் கட்டி இரண்டு நாள் கசிவு பார்த்த பிறகு பலகை, அதன்மேல் சரிவு கொடுத்துக் கான்கிரீட், கடைசியாக ஓடு. சரிவு மழைநீர்க் குழாய்ப் பக்கம் இறங்க வேண்டும். பலகைக்குள் தண்ணீர் நின்றால் நீங்கள் போட்ட கணக்கு எதுவும் நிற்காது. ஒரு இடத்தில் கசிவு கவனிக்காமல் மூடி, மொத்தத்தையும் பெயர்த்தெடுத்தவன் நான்.

கட்டி முடித்ததும் ஏப்ரலில் இரண்டு அறையில் வெப்பமானி வைத்துப் பாருங்கள். எனக்கும் சொல்லுங்கள்.

கிருஷ்ணகிரி_சிவில்

கண்டிப்பாக ஐயா. இரண்டாவது மாடியிலும் நான்காவது மாடியிலும் ஒரே நேர்கோட்டில் உள்ள இரண்டு மேற்கு அறைகளைக் குறித்து வைத்துவிட்டேன். மணிக்கு ஒருமுறை பதிவு செய்யும் லாகர் வாங்க உரிமையாளர் சம்மதித்துவிட்டார். எண்கள் வந்ததும் இதே இழையில் போடுகிறேன்.